தக்காளி, வெள்ளரி, கடவுள்: வாசகர் கேள்வி – பதில்

மதச் சார்பு இல்லாத பொதுச் சேனல்களின் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் கடவுள் பேச்சு வருவது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பவர்கள் அதிகம் எழுதியிருந்ததால் அந்த நாட்டு நடைமுறைக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் ‘வெஜிடேல்ஸ்’ பழைய டிவிடி இருக்கிறது. ஒவ்வொரு கதை முடிவிலும் தக்காளி, “கடவுள் உன்னைத் தனிச்சிறப்போடு படைத்தார், உன்னை மிகவும் நேசிக்கிறார்” என்று சொல்கிறது. இதே தொடர் என்.பி.சி. சேனலில் வந்தபோது அந்த வரி இல்லை என்கிறார் தோழி. யார் எடுத்தார்கள், ஏன்?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

தோழி சொல்வது சரி. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஃபில் விஷரும் மைக் நவ்ராக்கியும் 1993-இல் ‘பிக் ஐடியா’ என்ற தங்கள் நிறுவனம் மூலம் இதை வீடியோ கேசட்டாகக் கொண்டுவந்தார்கள். பாப் என்ற தக்காளியும் லாரி என்ற வெள்ளரியும்தான் நாயகர்கள். வடிவம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். சமையலறை மேடையில் இருவரும் நிற்பார்கள். ஒரு குழந்தையின் கேள்வி வரும். கதை நடக்கும். முடிந்ததும் குவெர்ட்டி என்ற கணினித் திரையில் ஒரு பைபிள் வசனம் வரும். கடைசியாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரியைச் சொல்லி பாப் விடைபெறும்.

2006 செப்டம்பரில் என்.பி.சி., தன் சனிக்கிழமைக் காலை நேரத்தில் ‘க்யூபோ’ என்ற குழந்தைகள் தொகுப்பைத் தொடங்கி, வெஜிடேல்ஸையும் அதில் சேர்த்தது. ஒளிபரப்புப் பதிப்பில் சமையலறை மேடைக்குப் பதில் பாப்பின் வீடு வந்தது. வசனம் காட்டும் பகுதி போயிற்று. கதைக்குள் இருந்த கடவுள், பைபிள் குறிப்புகள் பலவும் போயின. கடைசி வரி, “என் வீட்டுக்கு வந்ததற்கு நன்றி குழந்தைகளே, அடுத்த வாரம் பார்ப்போம்” என்கிற பொருளில் மாறியது.

விஷர் இதைப் பற்றித் தன் இணையதளத்தில் வெளிப்படையாக எழுதினார். பேரன்ட்ஸ் டெலிவிஷன் கவுன்சில் என்ற அமைப்பு கண்டித்தது. என்.பி.சி. முதலில் சொன்ன காரணம், நேரத்துக்காகச் சுருக்கினோம் என்பது. பிறகு, நல்ல பண்புகளை இயன்றவரை பரந்த பார்வையாளர்களிடம் கொண்டுபோவதுதான் நோக்கம், எந்த ஒரு மதத்தின் பார்வையையும் முன்னிறுத்தாமல் இருக்கக் கவனம் எடுத்தோம் என்று சொன்னது.

நேரக் காரணத்தை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. ஒரு கேசட் ஓடுவது அரை மணி நேரம். தொலைக்காட்சியின் அரை மணி நேரத்தில் விளம்பரமும் சேனல் அறிவிப்பும் போக, நிகழ்ச்சிக்கு மிஞ்சுவது 22, 23 நிமிடம். ஆக ஏழெட்டு நிமிடத்தை வெட்டியே தீர வேண்டும். ஆனால் எந்த ஏழு நிமிடம் என்பதை யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். தவிர, கடைசி வரி ஐந்தாறு வினாடிகூட இருக்காது. அதன் இடத்தில் கிட்டத்தட்ட அதே நீளத்தில் இன்னொரு வரியை வைத்ததால் ஒரு வினாடியும் மிச்சமாகவில்லை. அந்த மாற்றத்துக்கு நேரம் காரணமாக இருக்கவே முடியாது.

படைத்தவரே ஏன் தடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அப்போது தொடர் அவர் கையில் இல்லை. வினியோக ஒப்பந்த வழக்கு ஒன்றில் 2003-இல் தீர்ப்பு பிக் ஐடியாவுக்கு எதிராகப் போய், நிறுவனம் திவாலாகி, சொத்துகளை ‘கிளாசிக் மீடியா’ வாங்கியது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே மாற்றியது. ஆனால் அதற்குள் கம்பெனி கைமாறிவிட்டது. குழந்தைகளுக்காக எழுதும், வரையும் நம்மவர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒளிபரப்பு உரிமையை விற்கும்போது, திருத்தும் உரிமை யாரிடம், திருத்திய பிரதியைப் படைத்தவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டுமா, பெயரை நீக்கச் சொல்லும் உரிமை உண்டா ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

எங்கள் கருத்தைக் கேட்டால், ஒரு சேனலுக்கு அந்தத் தொடர் வேண்டாமென்றால் வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கிவிட்டு, அது எதற்காக உருவானதோ அதைச் சொல்லாமல் கொள்ளாமல் உருவி எடுத்தது இரு தரப்புக்கும் நேர்மையானது அல்ல. பக்தியுள்ள வீடு தான் நம்பியது வருகிறது என்று எண்ணிப் பார்க்கிறது. பக்தியில்லாத வீட்டுக்கோ, இந்தத் தொடரின் பூர்வீகம் என்ன என்பதே தெரியாது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். முடிந்த கார்ட்டூனிலிருந்து ஒரு சொல்லையோ வரியையோ தடம் தெரியாமல் எடுப்பது எப்படி? எங்கே சொதப்பும்?
– வாசகர், வடபழனி, சென்னை

முதலில் கையில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். வசனம், இசை, சத்தங்கள் மூன்றும் தனித்தனி டிராக்காக வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லாம் கலந்த ஒரே டிராக்தான் என்றால், சொல்லை வெட்டும்போது அதன் கீழே ஓடும் இசையும் சேர்ந்து வெட்டுப்படும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தடுக்கியது என்று காது சொல்லிவிடும்.

அடுத்தது பட்டியல். முழுப் படத்தையும் ஓடவிட்டு, எடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் டைம்கோடு (படத்தில் அது வரும் துல்லியமான நேரக் குறிப்பு) எழுதி, மூன்று வகையாகப் பிரியுங்கள். காட்சியையே தூக்கிவிடலாம் என்பது முதல் வகை. பேசுபவரின் முதுகு தெரிகிறது, அல்லது கேட்பவரின் முகம் திரையில் இருக்கிறது, ஆகவே வசனத்தை மட்டும் மௌனமாக்கலாம் என்பது இரண்டாவது. வாய் நேராகத் தெரிகிறது, வேறு வரியைப் பேசவைத்தே ஆக வேண்டும் என்பது மூன்றாவது. பணமும் நேரமும் இந்த மூன்றாவதில்தான் போகும்.

மாற்று வரிக்கு அசை எண்ணிக்கை பொருந்தினால் போதாது. உதடு மூடும் இடம் பொருந்த வேண்டும். ப, ம போன்ற ஒலிகளில் உதடு ஒட்டும். திரையில் ஒட்டும்போது காதில் ‘க’ விழுந்தால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். ஒலி படத்துக்கு 45 மில்லி வினாடி முந்தினாலே மனிதக் கண் உணரத் தொடங்குகிறது; பிந்தினால் 125 மில்லி வினாடி வரை பொறுக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 42 மில்லி வினாடி. அதாவது முந்துவதற்கு ஒரு ஃபிரேம்தான் இடம், பிந்துவதற்கு மூன்று. சந்தேகம் வந்தால் ஒலியைப் பின்னால் தள்ளுங்கள், முன்னால் இழுக்காதீர்கள். வெஜிடேல்ஸ் காய்கறிகளுக்குக் கை கால் கிடையாது. பார்வை முழுக்க வாயிலும் கண்ணிலுமே நிற்கும். இத்தகைய உருவங்களில் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும்.

இசை ஓடும் இடத்தில் வெட்டுவதானால் தாளக்கட்டுக்கு வெட்டுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு, நான்கு தட்டுக்கு ஒரு ஆவர்த்தம் என்றால், ஆவர்த்தத்துக்கு 2 வினாடி. வெட்டும் அளவு 2, 4, 6 வினாடி என்று இருந்தால் காது ஏற்கும். 3.1 வினாடி வெட்டினால் ஏற்காது. பாட்டுக்குள் இருக்கும் சொல்லைத் தொடவே வேண்டாம் என்போம். எதுகையும் மெட்டும் சேர்ந்து உடையும், மாற்று வரி எப்போதும் ஒட்டுப்போட்டதாகவே நிற்கும். பாட்டையே எடுப்பது மேல்.

புதிதாகப் பதிவு செய்யும் வரிக்கு அதே குரல் கலைஞர், முடிந்தால் அதே மைக், அதே தூரம். சத்த அளவையும் சரிபாருங்கள். அமெரிக்க ஒளிபரப்புக்கு மொத்த நிகழ்ச்சியும் மைனஸ் 24 எல்.கே.எஃப்.எஸ். (ஒளிபரப்பில் சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் நிற்க வேண்டும். மொத்தம் சரியாக இருந்து, ஒட்டிய வரி மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதும் உண்டு.

சொதப்பும் இடங்களில் முதலாவது திரை எழுத்து. ஒலியில் ‘கடவுள்’ போய்விடும், காது கேளாதோருக்கான எழுத்துக் கோப்பில் அப்படியே இருக்கும். கோப்பையும் அதே பட்டியலை வைத்துத் திருத்தி, டைம்கோடையும் நகர்த்துங்கள். இரண்டாவது, முன்னோட்டத் துண்டு. நிகழ்ச்சியில் எடுத்த காட்சி டிரெய்லரில் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கதையின் காரணம் காணாமல் போவது. வெஜிடேல்ஸின் முதல் கேசட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பூதப் படம் பார்த்து ஒரு குட்டி அஸ்பாரகஸ் பயந்து நடுங்குகிறது. எந்தப் பூதத்தையும்விடக் கடவுள் பெரியவர் என்று பாபும் லாரியும் தைரியம் சொல்கிறார்கள். பிறகு சிங்கக் குகையில் தானியேல் கதை. இதில் கடவுளை எடுத்துவிட்டால் குழந்தை எதனால் பயம் தெளிந்தது என்பதற்குப் படத்தில் பதிலே இருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மூலப்படத்தைப் பார்க்காத ஒருவரை உட்கார வைத்துத் திருத்திய பிரதியைக் காட்டி, “இவன் ஏன் இப்படிச் செய்தான்?” என்று காட்சிக்குக் காட்சி கேட்பது. திருத்தியவர் மனதில் மூலக்கதை ஓடிக்கொண்டே இருப்பதால் அவருக்கு ஓட்டை தெரியாது.

அமெரிக்காவில் தனியார் சேனலின் குழந்தைகள் நிகழ்ச்சியில் கடவுளைப் பற்றிப் பேசச் சட்டம் அனுமதிக்கிறதா?
– வாசகர், ஹூஸ்டன்

தடை எதுவும் இல்லை. அரசமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் சேனல் மதம் பேசலாம், பேசாமலும் இருக்கலாம்; இரண்டும் அதன் உரிமை. 2006-இல் என்.பி.சி. செய்ததை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

குழப்பம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 1990-இல் வந்த குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டமும், 1996-இல் எஃப்.சி.சி. (ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு ஆணையம்) கொண்டுவந்த விதியும் சேர்ந்து, ஒவ்வொரு நிலையமும் வாரத்துக்குச் சராசரி 3 மணி நேரம் 16 வயதுக்குட்பட்டோருக்கான கல்வி நிகழ்ச்சி தர வேண்டும் என்றன. திரை ஓரத்தில் ‘ஈ/ஐ’ என்று ஒரு முத்திரை பார்த்திருப்பீர்கள், அது இதற்குத்தான். 2019-இல் ஆண்டுக்கு 156 மணி நேரம், காலை 6 முதல் இரவு 10-க்குள் என்று தளர்த்தினார்கள். கல்வி என்பதில் அறிவு வளர்ச்சி மட்டுமின்றி மனம், சமூகப் பழக்கம் சார்ந்ததும் அடங்கும். பொய் சொல்லாதே, பகிர்ந்து உண் என்று சொல்லும் தொடர் இதற்குள் தாராளமாக வரும். அதைக் கடவுள் பெயரில் சொன்னால் தகுதி போய்விடும் என்று விதி சொல்லவில்லை. மத நிலையங்களும் தங்கள் குழந்தைகள் தொடர்களைத்தான் இந்தக் கணக்கில் காட்டுகின்றன.

விதி உண்மையிலேயே கறாராக இருப்பது விளம்பரத்தில். 12 வயதுக்குட்பட்டோர் நிகழ்ச்சிகளில் வார இறுதியில் மணிக்கு பத்தரை நிமிடம், மற்ற நாட்களில் 12 நிமிடம், அவ்வளவுதான். தொடரில் வரும் பொம்மையை அதே தொடரின் இடைவேளையில் விற்றால், முழு அரை மணி நேரமும் விளம்பரமாகக் கணக்காகி அபராதம் வரும். இந்த விளம்பர விதி கேபிள் சேனலுக்கும் உண்டு. மூன்று மணி நேர விதி கேபிளுக்குக் கிடையாது.

பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். கதை தனி. ஒரு மதப் பிரிவைச் சார்ந்த நிகழ்ச்சிகளை உறுப்பு நிலையங்கள் புதிதாகத் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே ஓடுபவை தொடரலாம் என்று 2009 ஜூனில் அதன் நிர்வாகக் குழு முடிவெடுத்தது.

அப்படியானால் ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’ மட்டும் எப்படி வெட்டுப்படாமல் ஓடுகிறது? அதில் பைபிள் வசனத்தையே நீளமாகச் சொல்கிறார்களே!
– வாசகி, டொராண்டோ

நல்ல கேள்வி. இந்தக் கார்ட்டூன் படம் 1965 டிசம்பர் 9 இரவு சி.பி.எஸ். சேனலில் முதன்முறை ஓடியது. பணம் போட்டது கோகோ கோலா. சித்திரக் கதையை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ், தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், இயக்குநர் பில் மெலெண்டெஸ் மூவரும் சுமார் ஆறு மாதத்தில் முடித்துக் கொடுத்தார்கள். பைபிள் வசனம் வேண்டாமே என்று கூட்டாளிகள் தயங்கியபோது உறுதியாக நின்றவர் ஷுல்ஸ். சேனல் அதிகாரிகளுக்கும் படம் பிடிக்கவில்லை. மெதுவாக நகர்கிறது, சிரிப்பொலி இல்லை, பின்னணியில் ஜாஸ் ஓடுகிறது என்று பல குறை. ஆனால் நாள் குறித்து விளம்பரமும் செய்தாகிவிட்டது, திருத்த நேரமில்லை. அன்றிரவு ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஏறத்தாழ பாதி அதைத்தான் காட்டின. எம்மி, பீபாடி விருதுகளும் வந்தன.

அது தாக்குப்பிடித்ததற்குப் புகழ் மட்டும் காரணம் இல்லை என்பது எங்கள் எண்ணம். அந்தக் காட்சி கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று தெரிந்தவர் யாருமே இல்லையா என்று சார்லி பிரவுன் கத்துகிறான். அவன் நண்பன் லைனஸ் மேடை நடுவுக்குப் போய், விளக்கைப் போடச் சொல்லி, லூக்கா 2-ஆம் அதிகாரம் 8 முதல் 14 வரை மனப்பாடமாகச் சொல்கிறான். ஏறக்குறைய ஒரு நிமிடம். ‘பயப்படாதிருங்கள்’ என்று தேவதூதன் சொல்லும் இடத்தில், எப்போதும் பிடித்துக்கொண்டே திரியும் போர்வையைக் கைவிடுகிறான். முடிந்ததும் போர்வையை எடுத்துக்கொண்டு நண்பனிடம் வந்து, இதுதான் என்கிறான். கேள்வி கேட்டது கதைக்குள் இருக்கும் ஒரு சிறுவன். பதில் அவனுக்கே போகிறது. வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து ‘நீயும் நம்பு’ என்று யாரும் சொல்வதில்லை.

வெஜிடேல்ஸின் கடைசி வரியோ கேமராவைப் பார்த்து நேராகக் குழந்தையிடம் பேசுவது. சேனல்காரர்களுக்குக் கூச்சம் அந்த நேர்முகப் பேச்சில்தான் பிறக்கிறது. இன்னொன்றும் உண்டு. லைனஸின் வசனத்தை எடுத்தால் முன்னால் வந்த கேள்விக்குப் பதில் இருக்காது, படமே நிற்காது. அதே படத்தில் கோகோ கோலா விளம்பரப் பலகை வந்த காட்சியைப் பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள், கதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சபைகளே பொதுச் சேனலுக்குக் குழந்தைகள் தொடர் எடுத்துக் கொடுத்தது உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

உண்டு. 1960-களில் ஓடிய ‘டேவி அண்ட் கோலியாத்’ அமெரிக்காவின் ஐக்கிய லூத்தரன் சபையின் பணத்தில் உருவானது. பொம்மைகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் படமெடுக்கும் ஆர்ட் குளோக்கி உருவாக்கினார். 15 நிமிடக் கதைகள், ஒரு சிறுவனும் அவனோடு பேசும் நாயும். நிலையங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். பொதுநலக் கடமையாக மதத்துக்கு இலவச நேரம் ஒதுக்குவது அன்றைய வழக்கம். இலவச நேரத்துக்கும் விற்ற நேரத்துக்கும் வேறுபாடு பார்க்க மாட்டோம் என்று 1960-இல் எஃப்.சி.சி. சொன்னதும், காசு கொடுத்து நேரம் வாங்கும் பிரசங்கிகள் மெல்ல அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

மறுமுனையில் ஃப்ரெட் ரோஜர்ஸ். 1963-இல் பிரஸ்பிட்டீரியன் போதகராகப் பட்டம் பெற்றவர். ஊடகம் வழியாகக் குழந்தைகளுக்குப் பணி செய்வதே அவருக்குச் சபை கொடுத்த ஊழியம். 1968 முதல் 2001 வரை பொதுத் தொலைக்காட்சியில் வந்தார். மதம் போதிக்கவே இல்லை. ஆனால் நீ இருக்கிறபடியே உன்னைப் பிடிக்கும் என்று அவர் தினமும் சொன்னதன் வேர் எது என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஞாயிறு பள்ளியில் தமிழில் பேசும் ‘சூப்பர்புக்’ காட்டுகிறார்கள். அது முதலில் ஜப்பானில் வந்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

உண்மை. நீங்கள் பார்ப்பது 2011-இல் தொடங்கிய கணினி அனிமேஷன் பதிப்பாக இருக்கலாம். மூலத்தொடர் 1981-இல் டோக்கியோவின் ஒரு வணிகச் சேனலில் ஓடியது. அமெரிக்காவின் சி.பி.என். என்ற கிறிஸ்தவ ஒளிபரப்பு நிறுவனம் கேட்டுக்கொள்ள, தத்சுனோகோ என்ற சாதாரண அனிமே நிறுவனம் தயாரித்தது. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் உள்ள நாட்டில் அது எடுபட முக்கியக் காரணம், இரண்டு பிள்ளைகளும் ஒரு பொம்மை ரோபோவும் காலப்பயணம் போகிறார்கள் என்ற சட்டகம். ஜப்பானியத் தலைப்பில் பைபிள் என்ற பேச்சே இல்லை. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பார்க்கும் அனிமே அரங்கம் என்பதுதான் அதன் பொருள்.

ஐந்து வயது மகளுக்கு எதைக் காட்டலாம், எதைத் தவிர்க்கலாம் என்று எப்படி முடிவு செய்வது? நாங்கள் கலப்பு மணம் செய்தவர்கள். அவர் வீட்டில் தேவாலயம், என் வீட்டில் கோயில்.
– வாசகி, பெங்களூரு

வயதிலிருந்து தொடங்குங்கள். ஏழெட்டு வயதுக்குக் கீழே, ‘இவர் என்னை ஏதோ நம்பவைக்கப் பார்க்கிறார்’ என்பது குழந்தைக்குப் பிடிபடாது. விளம்பரங்களை வைத்து அமெரிக்க உளவியல் சங்கம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையின் மையமே இதுதான். கதைக்கும் இது பொருந்தும். 5, 6 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வந்தது. அற்புதம் நிகழும் மதக் கதையைச் சொன்னபோது, வழிபாட்டுக்கோ மதப் பள்ளிக்கோ போகும் பிள்ளைகள் நாயகனை உண்மையில் வாழ்ந்தவர் என்றார்கள். மற்றப் பிள்ளைகள் கற்பனை என்றார்கள். கேட்ட கதை ஒன்று, பிடித்துக்கொண்டது வேறு வேறு. திரையைவிட வீட்டில் கேட்கும் பேச்சுதான் அதிகம் முடிவு செய்கிறது என்று இதை நாங்கள் புரிந்துகொள்கிறோம். உங்கள் வீட்டுக்கு இது நல்ல செய்தி.

புதிய தொடர் என்றால் ஓர் அத்தியாயத்தின் முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி மூன்று நிமிடத்தையும் மகள் இல்லாதபோது பாருங்கள். மதச் செய்தி இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இறுதிப் பெயர்ப்பட்டியலை நிறுத்திப் படியுங்கள். அறக்கட்டளை, சபை, ஆசிரமம் எதுவும் தயாரிப்பில் இருந்தால் பெயர் அங்கே வரும். பிறகு ஒரே கேள்வி: கடவுளைப் பற்றிய வரியை யார், யாரிடம் சொல்கிறார்?

பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் சொன்னால் அது கதை. 1995-இல் நிக்கலோடியன் ஒளிபரப்பிய ‘ரக்ரேட்ஸ்’ தொடரின் பாஸ்கா (யூதர் பண்டிகை) அத்தியாயத்தில், யூதத் தாத்தா பரணில் அடைபட்டுக் கிடக்கும்போது பேரனுக்கும் அவனோடு இருக்கும் குழந்தைகளுக்கும் மோசே கதையைச் சொல்கிறார். டிஸ்னி ஜூனியரின் ‘மீரா, ராயல் டிடெக்டிவ்’ தொடரில் தீபாவளி வருகிறது. இவற்றைத் தயங்காமல் காட்டலாம். அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் குழந்தையை அழைத்துப் போவதைப் போலத்தான். கேமராவைப் பார்த்து உங்கள் மகளிடமே நேராகச் சொன்னால், அது அழைப்பு. அழைப்பும் தவறு என்று சொல்லவில்லை, ஆனால் அதை நீங்களும் கணவரும் சேர்ந்து பேசி அனுமதிக்க வேண்டும். பயமுறுத்தும் வரி ஒன்று உண்டு: ‘நம்பாவிட்டால் இது நடக்கும்’ என்பது. கடவுள் எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அதை ஐந்து வயதுக்குக் காட்டாதீர்கள். இரவில் தூங்காது.

பார்த்த பிறகு, “இது நிஜமா?” என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். “அப்பா வீட்டில் இப்படி நம்புகிறார்கள், அம்மா வீட்டில் இப்படி” என்று பெயர் சொல்லியே பதில் கொடுங்கள். ஐந்து வயதுக்கு இது புரியும்.

நம் நாட்டுச் சிறுவர் சேனல்களில் கிருஷ்ணர், ஹனுமான் கதைகள் நிறைய வருகின்றன. அமெரிக்கச் சேனல் போல இங்கே யாரும் கூசுவதில்லையே? ஆட்சேபம் இருந்தால் எங்கே புகார் செய்வது?
– வாசகர், திருச்சி

இங்கே புராணம் வழிபாட்டுப் பொருளாகவும் இருக்கிறது, பாட்டி சொல்லும் கதையாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கோடு மங்கல் என்பதால் கூச்சம் குறைவு. 2009-இல் நிக்கலோடியன் இந்தியாவில் வந்த ‘லிட்டில் கிருஷ்ணா’வின் 13 அத்தியாயங்களை, பிக் அனிமேஷன் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்தது பெங்களூரு இஸ்கானோடு (ஹரே கிருஷ்ணா இயக்கம்) தொடர்புடைய ஓர் அறக்கட்டளை. பக்தி அமைப்பின் படைப்பு பொதுச் சேனலில் முழு உருவத்தோடு வந்தது. பெரிய சலசலப்பு எழவில்லை. சிறுபான்மை மதக் கதைக்கும் அதே இடம் அதே எளிமையோடு கிடைக்கிறதா என்ற கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. அந்த விஷயத்தில் நம் சேனல்கள் இன்னும் நிறையச் செய்ய வேண்டும்.

விதிகளை அறிந்து எழுதினால் புகாருக்கு எடை கூடும். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6-ஆவது விதி நிகழ்ச்சிகளுக்கானது. மதங்களையோ சமூகங்களையோ தாக்குவது, வகுப்புவாத மனப்பான்மையை வளர்ப்பது, மூடநம்பிக்கையைத் தூண்டுவது ஆகியவற்றை அது தடுக்கிறது. புராணக் கதையைத் தடுக்கவில்லை. 7-ஆவது விதி விளம்பரத்துக்கு. முழுக்கவோ முக்கியமாகவோ மத நோக்கம் கொண்ட விளம்பரமே கூடாது என்கிறது. அற்புத சக்தி உண்டு என்று நம்பவைத்து எதையும் விற்கக் கூடாது என்றும் சொல்கிறது. சிறுவர் நிகழ்ச்சியின் இடைவேளையில் ரட்சையோ யந்திரமோ விற்றால், நிகழ்ச்சியைக் குறை சொல்லாமல் 7-ஆவது விதியைக் காட்டுங்கள்.

2021 ஜூனில் வந்த திருத்தப்படி முதல் புகார் சேனலுக்கே போக வேண்டும். சேனல் பெயர், நிகழ்ச்சி, தேதி, நேரம், சொன்ன வரி, எந்த விதி என்று ஆறு தகவலையும் எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வர வேண்டும், 15 நாளில் முடிவு. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு; அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்கும் மேல் மத்திய அரசின் கண்காணிப்பு அமைப்பு. பல புகார்கள் முதல் படியிலேயே விழுவதற்குக் காரணம், ‘எங்கள் மனம் புண்பட்டது’ என்று மட்டும் எழுதி, தேதியும் நேரமும் எழுதாமல் விடுவதுதான். மறு ஒளிபரப்பு நாளுக்கு நான்கு முறை இருக்கும். நேரம் இல்லாமல் எந்த ஒளிபரப்பு என்று அவர்களால் எடுக்க முடியாது. திரையில் கடிகாரம் தெரியும்படி கைபேசியில் ஒரு படம் எடுத்து இணைத்துவிடுங்கள்.